கொடியும் கொழுகொம்பும்

இங்கிலாந்தின் தென்கீழ்த் திசையிலுள்ள கென்ற் பகுதியிற் குடியேறி வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எனக்கு மடல் வரைந்திருந்தார். தம் வீட்டுத் தோட்டத்தில் ஹொப்ஸ் என்னுங் கொடியை நட்டிருப்பதாகவும், அதன் தளிர்களை மாலைதோறுங் கயிற்றிற் சுற்றிவிட்டாலும் அவை மறுநாட் காலையிற் கழன்று தொங்குவதாகவும் முறையிட்டிருந்தார். "ஐயா, கொடிக்கும் பிடிவாதம் உண்டோ?" என்பது அவர் வினா. அவ்வினாவையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றேன்.

ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் ஊட்டும் பூவைத் தருங் கொடி. மதுவின் பெயர் கேட்டுப் பெரியோர் முகஞ் சுளிக்க வேண்டா. யான் கூறப்போவது கொடியைப் பற்றியதே. இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடியின் பூங்கொத்துச் சிறு செதில்கள் அடுக்கிய கூம்பு போன்றது. அச்செதில்களின் அடியிலுள்ள மஞ்சள் நிறத் தூளிலேதான் கசப்பும் மணமும் தங்கியுள்ளன. 1574ஆம் ஆண்டிலேயே றெஜினோல்ட் ஸ்கொற் என்பார் இதன் பயிர்முறையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் இலண்டன் மாநகரின் ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறுஞ் செப்ரெம்பர் மாதத்திற் குழந்தை குட்டிகளுடன் கென்ற் தோட்டங்களுக்குச் சென்று, கூம்பு பறித்துக் கூலி பெறுவது வழக்கமாயிற்று. அன்னாருக்கு அதுவே விடுமுறை, அதுவே பிழைப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரங்கள் வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது.

வீட்டுத் தோட்டத்தில் இதனை வளர்ப்பது கடினமன்று. வெயில் படும் இடத்தில் ஆழக் கொத்தி, மக்கிய எருவிட்டு, இளவேனிற் காலத்தில் வேர்க்கிழங்கை நடுவர். உயர்ந்த கம்பத்திலிருந்து முரட்டுக் கயிறு ஒன்று தொங்கவிடல் வேண்டும். முளைகள் பல எழும். வலிய மூன்று நான்கை மாத்திரம் விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிடுதல் நன்று. கிள்ளிய இளந்தளிர் கறிக்கு உதவும். கோடை நடுவதற்குள் கொடி 15 அடிக்கு மேலும் ஏறிவிடும். முதலாண்டில் வேர் ஊன்றுவதிலேயே அதன் கவனம் செல்லுமாதலாற் பூவை மிகுதியாக எதிர்பார்த்தலாகாது. குளிர் காலத்தில் தண்டு முற்றாகப் பட்டுப்போகும். வேரோ உறங்கிக் கிடந்து மறு இளவேனிலில் மீண்டுந் துளிர்க்கும். நாய் வளர்ப்போர் ஒன்றை மறத்தலாகாது: இக்கூம்புகளைத் தின்னும் நாய்க்கு உயிராபத்து நேரக்கூடும்.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். கொடிகள் யாவும் ஒரே வகையில் ஏறுவதில்லை. வெற்றிலை கணுவேர்களாற் பற்றி ஏறும். பாகல் தந்துகளை நீட்டிப் பிடித்து ஏறும். ஹொப்ஸ், பயற்றை போன்றவை தண்டினாலேயே கொம்பைச் சுற்றி ஏறும். ஹொப்ஸின் தண்டிற் கொக்கி போன்ற சிறு மயிர்கள் உண்டு. அவை வழுக்காது காக்கும். சுற்றி ஏறுவனவற்றுக்குத் திசை பிறவியிலேயே அமைந்தது. நம் பயற்றை, மேலிருந்து நோக்குவார்க்கு, இடஞ்சுழியாகச் செல்லும். ஹொப்ஸோ வலஞ்சுழி, நாம் கோயிலை வலம் வருவது போலக் கொம்பை வலம் வரும்.

இதனைக் கூர்ந்து நோக்கியவருள் தலையாயவர் சாள்ஸ் டார்வின். அவரும் அக்காலத்துக் கென்ற் பகுதியிலேயே வாழ்ந்தவர். நோயுற்று அறையினுள் அடைபட்டிருந்த நாளில், சட்டியில் வளர்ந்த ஹொப்ஸ் கொடியொன்றை இரவும் பகலும் அவதானித்தார். இளந்தண்டின் நுனி, கடிகார முள்ளைப் போல, வெப்பமான நாட்களிற் சராசரி 2 மணி 8 நிமிடத்துக்கு ஒருமுறை வட்டமிட்டுக் கொழுகொம்பைத் தேடுவதைக் கண்டு, 1865ஆம் ஆண்டில் ஏறுகொடிகளைப் பற்றிய கட்டுரையில் வெளியிட்டார். அசையாது நிற்பதாக நாம் எண்ணுங் கொடி, ஓயாது தேடிக்கொண்டே இருக்கின்றது!

நம் அன்பர் சிறு வயதில் இங்கே தந்தையாருடன் பயற்றைக்குத் தடி நாட்டிப் பழகியவர். அப்பழக்கத்தாற் கை இடப்புறமே சுற்றியிருத்தல் வேண்டும் என்றெண்ணி, திசையை மாற்றிச் சுற்றும்படி எழுதினேன். பத்து நாளில் விடை வந்தது: கொடி பிடித்துக்கொண்டதாம்.

இக்கொடியை இங்கும் நடலாமோ எனச் சிலர் வினவக்கூடும். கென்றிற் கோடையின் நெடும் பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. நெடும் பகலிற் கொடி ஓங்கி வளர்ந்து, பகல் குறுகத் தொடங்கும்போதே பூத்தல் இதன் இயல்பு. குறும் பகலிலேயே முளைப்பதாயின், உயருமுன் பூத்து விளைவு குன்றும். உறங்குதற்குரிய குளிரும் இங்கில்லை. முற்றத்துப் பந்தருக்கு முல்லையும் அவரையுமே நமக்குப் பொருந்தும்.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. இம்மாணாக்கர் உயர்தர வகுப்பில் விவசாயங் கற்க விரும்பினார். கணிதமே கற்குமாறு வற்புறுத்தியவருள் யானும் ஒருவன். இருமுறை பரீட்சையிற் தவறி, மனமுடைந்து, கடல் கடந்தார். இன்று அங்கே நாற்றுப் பண்ணை ஒன்றில் மகிழ்வுடன் பணிபுரிகின்றார். பழைய கதையைப் பற்றி அவர் மடலில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், திசை மாற்றிச் சுற்றுமாறு அவருக்கு எழுதியபோது என் பேனா சிறிது தயங்கிற்று.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. அவன் கொடியை இழுத்துத் தேரிற் கட்டினான் அல்லன். கொடி தளர்ந்த இடத்திலே தேரை நிறுத்திச் சென்றான். பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் செய்யத்தக்கதும் அவ்வளவே.