கழனியை எரிப்பதா, காற்றை ஏவுவதா?

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் நோக்கிச் செல்லும் எவரும் இரு காட்சிகளை ஒருங்கே காண்பர். கீழே மக்காச்சோளக் கழனி; மேலே சுழலும் காற்றாலை. நாளைய மகிழுந்து எதனால் ஓடும் என்று உலகெங்கும் நடைபெறும் வழக்கில் இவ்விரண்டும் இருபுறச் சான்றுகளாக நிற்கின்றன. கழனி விளைவை வடித்து எரிசாராயமாக்கி உந்தில் ஊற்றுவதா? காற்றை மின்னாக்கி உந்தில் ஏற்றுவதா? இதற்கு விடை தில்லியில் எழுதப்படுகிறது. அவ்விடைக்கு விலை கொடுப்பவனோ கொங்கு உழவன்!

எரிபொருளை மாற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. பின்னாளில் ஜி.டி. நாயுடு என நாடறிந்த கோவை அறிஞர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதற் பேருந்தை ஓட்டினார். உடுமலை அவ்வழியில் உள்ள ஊர். இரண்டாம் உலகப் போர் மூண்டு, பெட்ரோல் எனப்படும் கன்னெய் பங்கீட்டுக்குள் அடங்கியபோது, தமிழகப் பேருந்துகள் முதுகில் கரியுலையைச் சுமந்துகொண்டு ஓடின. அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் கனலவிட்டால் எரியத்தக்க வளி பிறக்கும்; அதனைக் குளிர்வித்துத் தூசு நீக்கிப் பொறிக்குள் செலுத்தினர். விரைவு குறைந்தது, மேடேறுகையில் வண்டி திணறியது, ஆயினும் போக்குவரவு அற்றுப்போகவில்லை. போர் முடிந்தது, கன்னெய் மீண்டது, கரியுலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இடுக்கண் கற்பித்த பாடம் இடுக்கண் நீங்கியதும் மறக்கப்பட்டது.

பயிரிலிருந்து எரிபொருள் எடுப்பதும் புதுக்கருத்தன்று. 1900-இல் பாரிசுப் பெருங்கண்காட்சியில் தீசல் பொறி நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. இந்நாட்டில் கன்னெயுடன் 5 விழுக்காடு எரிசாராயம் கலக்கும் திட்டம் 2003-இல் சில மாநிலங்களில் தொடங்கிற்று. 2022-இல் அது 10 விழுக்காட்டை எட்டியது. 2030-க்கென வைத்திருந்த 20 விழுக்காட்டு இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025-இலேயே எட்டப்பட்டது. கரும்பாலையின் கழிவுப்பாகை வடிப்பதோடு இது நின்றிருந்தால் குறைகூற ஏதுமில்லை. கிருட்டிணாபுரத்து அமராவதி கூட்டுறவுச் சருக்கரை ஆலையோடு எரிசாராய ஆலையும் அமைந்ததை உடுமலைப் பகுதியார் அறிவர். இனிப்பு மக்களுக்கு, கழிவு பொறிக்கு என்பது முறையான பங்கீடே.

ஆனால் 20 விழுக்காட்டுக்குக் கழிவுப்பாகு போதாது. ஆகவே கரும்புச்சாறும் அரிசியும் மக்காச்சோளமும் வடிகலத்துள் புகுந்தன. விளைவு யாது? மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் அதனைப் பெருமளவில் இறக்குமதி செய்தது. கோழித் தீவனத்தின் முதற்பொருள் மக்காச்சோளம். பல்லடத்திலும் உடுமலையிலும் நாமக்கல்லிலும் பண்ணை நடத்துவோர் மகிழுந்தோடு போட்டியிட்டுத் தீவனம் வாங்கும் நிலைக்கு ஆளாயினர்.

விளைபொருளின் விலை உயர்வது உழவனுக்கு நன்மைதானே என்பர் சிலர். நன்மையே, அவ்விலை நிலைக்குமாயின்! 2023 திசம்பரில் நடுவண் அரசு கரும்புச்சாற்றை எரிசாராயத்துக்குப் பயன்படுத்த ஒரே ஆணையால் தடைவிதித்தது. 2024 ஆகத்தில் மற்றோர் ஆணையால் அதனை நீக்கியது. இடையில் தவித்தோர் ஆலையாரும் கரும்பு வெட்டக் காத்திருந்தோரும் ஆவர். அதற்கு முன்னர்க் காட்டாமணக்கை நட்டால் தீசலுக்கு ஈடான எண்ணெய் கொட்டும் என்று ஊரூராகச் சொன்னார்கள். அதனை நம்பிக் கோவைப் பகுதியிலும் உழவர் நட்டனர், சொன்ன விளைச்சல் கிட்டவில்லை, நட்டவர்களே பிடுங்கியெறிந்தனர். ஒரு கையெழுத்தில் ஏறி மறு கையெழுத்தில் இறங்கும் விலையை நம்பி உணவுக் கழனியை எரிபொருட் கழனியாக மாற்றுவது அறிவுடைமை ஆகுமா?

நீர்க் கணக்கையும் பாருங்கள். கரும்பிலிருந்து ஓர் இலிட்டர் எரிசாராயம் பெற ஏறத்தாழ 2,860 இலிட்டர் நீர் செலவாகும் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறுப் பாசன நிலங்களோ நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுபவை. வாய்க்காலில் நீர் வருமா என்று நாளெண்ணுகிறவன், மகிழுந்தின் வயிற்றுக்கு நீர் பாய்ச்ச வேண்டுமாம்!

இனி நிலக் கணக்கு. ஓர் ஏக்கரில் நன்கு விளைந்த மக்காச்சோளத்தை வடித்தால் ஏறத்தாழ 1,000 இலிட்டர் எரிசாராயம் கிடைக்கும். இலிட்டருக்குக் கன்னெயினும் மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஆற்றலுடைய அது, ஒரு மகிழுந்தை 10,000 கி.மீ. ஓட்டலாம். எஞ்சும் சக்கை தீவனமாகும் என்பதையும் மறைக்க வேண்டா. இதற்கு எதிரே 2 மெகாவாட்டுக் காற்றாலை ஒன்றை நிறுத்துக. ஆண்டு முழுமைக்கும் சராசரியாகத் தன் வலிமையில் நான்கில் ஒரு பங்கே அது தந்தாலும் 43 இலக்கம் அலகு மின் கிடைக்கும். ஓர் அலகுக்கு 6 கி.மீ. என்று கொண்டு, வழியிழப்புகளையும் கழித்தால், அதே 10,000 கி.மீ. தொலைவை 2,000 மகிழுந்துகள் ஓடும். ஓர் ஏக்கர் ஓர் உந்தை ஓட்ட, ஒரு காற்றாலை ஈராயிரம் உந்துகளை ஓட்டுகிறது. அதன் அடியைச் சுற்றிச் சோளமும் விளைகிறது! கரணியம் எளிது. கன்னெய்ப் பொறி தனக்கிட்ட ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்னோடியோ நான்கில் மூன்று பங்குக்கு மேல் உருளைக்குச் சேர்ப்பிக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று உடுமலைக்கு இயற்கை ஈந்த கொடை. காற்று மிகும் நாள்களில் மின்தொகுப்பு ஏற்கவியலாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் உண்டு. அம்மிகையை உந்துகளின் மின்கலங்களில் சேர்க்கலாமே! காற்றை ஏவல்கொண்டு கலஞ்செலுத்தியவன் வழித்தோன்றல் எனக் கரிகாலனைப் புறநானூற்றின் 66-ஆம் பாட்டு போற்றுகிறது. கடலில் காற்றை ஏவியவர் மரபினர்க்குச் சாலையில் ஏவுவது அரிதா?

கைத்திறனுக்கும் குறைவில்லை. 1937-இல் இந்நாட்டின் முதல் மின்னோடியைச் செய்தளித்த ஊர் கோவை. நாட்டின் முதல் மின் மகிழுந்து எனப்படும் ‘லவ்பேர்டு’ 1993-இல் தில்லிக் கண்காட்சிக்குச் சென்றதும் சாலக்குடியிலும் கோவையிலும் தொழிலகம் கொண்டிருந்த நிறுவனத்திலிருந்தே. ஈய மின்கலத்தின் சுமையாலும் போதிய ஊக்கமின்மையாலும் அது சந்தையில் நிலைக்கவில்லை. முப்பதாண்டு கழித்து உலகம் அதே வழிக்கு வந்துள்ளது. முன்சென்ற கோவை இன்று பிறர் செய்ததை வாங்கும் வரிசையில் நிற்கலாமா?

இங்கொரு கண்ணியும் உண்டு. மின்னுந்துக்கு வேண்டிய இலித்திய மின்கலங்களில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகிறது. 2025 ஏப்பிரலில் சீனம் அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்குள்ள உந்துத் தொழிலகங்கள் கலங்கின. எண்ணெய்க் கிணற்றானுக்கு அடிமைப்பட்டதை விடுத்து மின்கலத்தானுக்கு அடிமைப்படுவது விடுதலை ஆகாது. ஆண்டான் மாறினான் என்பதே பொருள். உப்பிலிருந்து பெறும் சோடியத்தால் ஆன மின்கலங்கள் இப்போது உந்துகளுக்கு வரத் தொடங்கியுள்ளன. எடை சற்று மிகுதி. முதற்பொருளோ தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் காய்கிறது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வும் தமிழக அரசின் பணமும் அங்கே செல்லட்டும்.

அத்திறன் பட்டறை இளைஞன் கைக்கு வர ஒரே வழி, அதனை அவன் தாய்மொழியில் கற்பிப்பது. மின்னுந்து, மின்னோடி, மின்கலம், மின்னேற்றி என்னும் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. தொழிற்பயிற்சி நிலையப் பாடநூல்களில் ஏறவேண்டியதே எஞ்சியுள்ளது. பொருளின் உறுப்புகளைத் தன் மொழியில் அறியாதவன் பழுதுற்றதைக் கழற்றிப் புதியதை மாட்டுவான். அறிந்தவனே அதனினும் சிறந்ததைப் படைப்பான்.

தமிழீர்! கேட்க வேண்டியவை நான்கே. பாசனக் கழனி உணவுக்கே ஆகுக. எரிசாராயம் கழிவிலிருந்து மட்டும் வடிக்கப்படுக. கொங்கின் காற்றால் விளையும் மின்னில் கொங்கின் சிற்றூர்களுக்குக் கூட்டுறவுப் பங்கு வேண்டும். மின்னுந்துத் தொழிற்கல்வி தமிழில் வேண்டும். கரியுலையை மறந்தது போல் இவ்வாய்ப்பையும் மறப்போமாயின், காற்றாலை நம் தலைமேல் சுழல, நாம் பிறர் கைபார்த்து நிற்போம்.