புயல் வராவிட்டால் எச்சரிக்கை பொய்யா?

ஐப்பசி பிறந்தால் தொண்டியில் ஒரு பேச்சு தவறாமல் தொடங்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒருவர் சிரிப்பார். "புரெவி புரெவின்னு பயங்காட்டுனாங்களே, என்னாச்சு சார்? ஒரு கீத்துகூடப் பறக்கலையே!" பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். படிக்காதவர்கள் மட்டும் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார்கள், என் வயதுக்காரர்கள், பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சு என்றைக்காவது ஒருநாள் இங்கே ஆளைக் கொல்லும் என்பது என் கட்சி. ஏன் என்று எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் புரெவியையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பர் 2 இரவு அது திரிகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரையேறியது. அங்கிருந்து நம் பக்கம் திரும்பி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. டிசம்பர் 4 அன்று ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி உட்பட ஆறு தென் மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டார்கள். ஆனால் பாம்பனுக்குப் பக்கத்தில் வந்ததும் அது வலுக் குறைந்து, நகராமல் அப்படியே நின்றுவிட்டது. மழையைக் கொண்டுபோய் வடக்கே கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்கு புரெவி பொய்யா? நம் தலைக்கு மேலே வந்து மனம் மாறிப் போன ஒன்றைத்தான் நாம் "வரவே இல்லை" என்கிறோம்.

மூன்று வருஷம் முன்னால் போங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அப்போது நாமெல்லாம் என்ன சொன்னோம்? "முன்கூட்டியே சொன்னால் என்ன?" என்று திட்டினோம், அது நியாயமான கோபம். முன்கூட்டியே சொன்ன புரெவிக்கு, "சும்மா பயங்காட்டினான்" என்று திட்டினோம். இரண்டு கோபமும் ஒரே வாயில் எப்படி இருக்க முடியும்? வரப்போவதை நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்ல வானிலை அலுவலர் ஜோசியர் இல்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்த தகவலுக்கு அவர் சொன்னது சரியா என்றுதான் கேட்க வேண்டும். மறுநாள் நடந்ததை வைத்து முந்தின நாள் முடிவுக்கு மார்க் போடுவது, சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆட்டக்காரனைக் குறை சொல்வது போல.

முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகப் பேரேடு எழுதியவன் நான். கணக்காகவே சொல்கிறேன். எச்சரிக்கையை நம்பி ஒதுங்கினோம், புயல் வரவில்லை என்றால் நஷ்டம் இரண்டு நாள் கூலி. நம்பாமல் இருந்தோம், புயல் வந்துவிட்டது என்றால் நஷ்டம் ஆள். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்ட முடியாது. கூலி அடுத்த வாரம் வரும்.

ஒடிசாக்காரர்கள் இந்தக் கணக்கைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1999 அக்டோபர் புயலில் அங்கே சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். செத்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. அங்கேயும் வீண் எச்சரிக்கைகள் உண்டு. அதற்காக அடுத்த தடவை வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வதில்லை.

இரண்டாவது தவறு நம் ஊருக்கே உரியது. "சார், இலங்கை நமக்கு அரண். சுனாமியே நம்மைத் தொடவில்லை." முதல் பாதி, சுனாமியைப் பொறுத்தவரை, உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நான் படித்த காரைக்காலிலும் சாவு விழாத மீனவக் குப்பம் குறைவு. பாக் நீரிணைக்குள் இருக்கிற நாம் பெரும்பாலும் தப்பித்தோம், இலங்கை குறுக்கே நின்றதால். ஆனால் அந்த அரண் கிழக்கிலிருந்து வந்த அலைக்கு அரண். காற்றுக்கு அல்ல. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் அதே இலங்கையைக் கடந்துதான் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு தண்ணீருக்குள் போனது. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் மறுநாளே நம் ராமநாதபுரம் கரைக்கு வந்தது. என் வயதுக்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, நம் கடல் ஆழம் குறைந்த கடல். புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் இப்படிப்பட்ட கடலில்தான் கூடுதலாக எழும்பும். ஒரு ஆபத்தில் தப்பித்ததை மற்றொரு ஆபத்துக்குச் சான்றிதழாகக் காட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பயப்பட வேண்டாததற்குப் பயப்படுவது. "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது" என்கிறோம். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இதையே வேறு மாதிரிச் சொல்லித் தந்தார்கள்: "ஷா எஷோதே க்ரேன் லோ ஃப்ருவாத்". வெந்நீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும் என்று பொருள். தமிழ்ப் பூனையாவது அடுப்பைக் கண்டு பயப்படுகிறது, அதில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சுப் பூனை தப்பான தண்ணீரைக் கண்டு பயப்படுகிறது. நாம் பல நேரம் பிரெஞ்சுப் பூனைதான். சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் ஜனங்கள் மாதக்கணக்கில் மீன் வாங்கவில்லை. மீன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஏற்கெனவே படகையும் வலையையும் இழந்த மீனவன் வயிற்றில் இன்னொரு அடி விழுந்தது, அவ்வளவுதான்.

அதே நேரத்தில் நம் வாசலில் ஓடுகிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு யாரும் பயப்படுவதில்லை. தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். 2022 ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. வருஷத்துக்கு இரண்டு சுனாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,000 பேர். ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊரில் சாவதால் நினைவுத் தூண் எழுப்புவதில்லை, ஆண்டுதோறும் பால் ஊற்றுவதில்லை. "பக்கத்துல மிமிசல் வரைக்கும்தானே" என்று பேரனை முன்னால் நிறுத்திக்கொண்டு வெறுந்தலையோடு போகிற தாத்தாவை வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன். நடுநிசியில் நிலநடுக்கம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அவர்தான் முதலில் வாசலுக்கு ஓடுகிறவர்.

இன்னொரு தவறு, செய்வதால் வரும் கேட்டைப் பெரிதாகவும் செய்யாமல் விடுவதால் வரும் கேட்டைச் சிறிதாகவும் பார்ப்பது. இது புதிதல்ல. 1734-லேயே வொல்தேர் அம்மை குத்திக்கொள்வதைப் பற்றி எழுதி பிரெஞ்சுக்காரர்களோடு மல்லுக்கட்டினார். அந்தக் காலத்து முறையில் கொஞ்சம் ஆபத்து உண்டு. ஆனால் அம்மை கொண்டுபோவது அதைவிடப் பல மடங்கு. குத்தினால் செத்தவன் கண்ணுக்குத் தெரிந்தான், குத்தாமல் செத்தவனை "விதி" என்றார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1774-இல், பதினைந்தாம் லூயி மன்னரே பெரியம்மையில் இறந்தார். அடுத்த மாதமே புது ராஜா தானும் தம்பிகளும் குத்திக்கொண்டார்கள்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். நல்ல மனிதர், ஊரே அழுதது. தடுப்பூசி காரணமல்ல என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. அதற்குள் எத்தனை வீடுகளில் ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்! இரண்டாம் அலை தலைக்கு மேல் போன மாதங்கள் அவை. தமிழ்நாட்டில் கொரோனாவில் போனவர்கள் அரசுக் கணக்கிலேயே 38,000-க்கு மேல். அந்த ஒரு முகம் மனதில் நின்றது, இந்த 38,000 முகம் நிற்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு டாக்டரைக் கேட்காமல் நிறுத்துகிற நம் நண்பர்களும் இந்தக் கட்சிதான். மாத்திரை செய்வது தெரிகிறது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் செய்வது தெரிவதில்லை.

எதிர்க்கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. "உங்களுக்குப் பென்ஷன் வருது சார், நாங்க கடலுக்குப் போகலைன்னா உலை வைக்க முடியாது" என்று ஒரு வல்லக்காரத் தம்பி என்னிடம் சொன்னார். உண்மை. எச்சரிக்கையின் பலன் எல்லோருக்கும், செலவு மீனவனுக்கு மட்டும் என்பது அநியாயம். அரசு கடலுக்குப் போகாதே என்று சொல்கிற ஒவ்வொரு நாளுக்கும் கூலி தரட்டும் என்று கேளுங்கள், நானும் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். அதிகாரிகளும் புயல் திசை மாறிப் போன பிறகு, ஏன் மாறியது, எவ்வளவு தூரத்தில் தப்பினோம் என்று ஊருக்கு வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் டீக்கடை பெஞ்ச் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் செய்துகொள்கிறது. ஆனால் இவை அரசிடம் கேட்க வேண்டியவை. காற்றிடம் கேட்டுப் பயனில்லை.

"எல்லாம் எழுதினபடி நடக்கும்" என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அப்படியானால் ராத்திரி வீட்டுக் கதவை ஏன் தாழ்ப்பாள் போடுகிறீர்கள்?

கார்த்திகை வருகிறது. பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள் என்றால் வல்லத்தைக் கரையேற்றுங்கள். குடிசையில் இருக்கிறவர்களை, முக்கியமாக நடக்க முடியாத கிழவிகளை, பகலிலேயே பள்ளிக்கூடத்துக்கோ புயல் காப்பகத்துக்கோ கொண்டுபோங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மறுநாள் காலை ஒரு கீத்துகூடப் பறக்காமல் வெயில் அடித்தால், வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டுங்கள். யாரையும் திட்ட வேண்டாம்.