நூற்றெட்டும் முடிந்தது... மனசு எங்கே இருந்தது?

தலைப்பைப் பார்த்துவிட்டு “சரிதான், சாமியார் ஆயிட்டான்” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எழுதுகிறவன் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. இரண்டு அரியர் வைத்திருப்பவன். நம்மில் ஒருவன்தான்!

போன வருஷம் மேத்ஸில் அரியர் விழுந்தபோது, அம்மா ஒரு உருத்திராட்ச மாலையைக் கையில் கொடுத்து, “தினம் நூத்தியெட்டு தடவை ‘நமசிவாய’ சொல்லுப்பா, மனசு ஒரு நிலைக்கு வரும்” என்றார். சொன்னேன். முதலில் பத்து நிமிடம் ஆனது. ஒரே மாதத்தில் மூன்று நிமிடத்தில் முடித்தேன். நாம் ரெக்கார்டு நோட் காப்பியடிக்கிற வேகம்! என் ரூம்மேட் விரலில் மாட்டுகிற டிஜிட்டல் கவுண்டரே வாங்கி, தினம் ஆயிரம் தாண்டினான். எங்களுக்குள் போட்டி வேறு. கை மணியை உருட்டும், வாய் மந்திரம் சொல்லும், மனசு மட்டும் மெஸ்ஸில் இன்றைக்குப் பொங்கலா உப்புமாவா என்று பார்க்கப் போயிருக்கும்.

இந்தப் பழக்கம் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்துவிட்டது. லேத்தில் ஜாப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளே ‘நமசிவாய’ ஓடுகிறது. சக் கீயை எடுக்காமலே மெஷினை ஆன் பண்ணிவிட்டேன். கீ தெறித்துப் போய், பக்கத்து லேத்தில் நின்றவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் அடித்தது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. சார் ஓடிவந்து மெஷினை நிறுத்தினார். திட்டவில்லை. “எங்கடா இருந்த?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. லேத்திலும் இல்லை. மந்திரத்திலாவது இருந்தேனா என்றால், அதுவும் இல்லை!

ஜபம் செய்கிற நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. எத்தனை என்று எண்ணுகிறோமே தவிர, எங்கே இருந்தோம் என்று யார் கேட்கிறோம்?

பெரியவர்கள் இதை எப்போதோ கேட்டுவிட்டார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஜபத்தைச் சொல்கிற இடத்திலேயே, பொருளை மனதில் நிறுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. காவ்யகண்ட கணபதி முனி வருஷக்கணக்காக மந்திர ஜபம் செய்தவர். அப்படியும் தவம் என்றால் என்னவென்று விளங்கவில்லையே என்று 1907-ல் திருவண்ணாமலையில் ரமணரிடம் போய் நின்றார். இன்னும் ஒரு லட்சம் சொல் என்று ரமணர் சொல்லவில்லை. மந்திரத்தின் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவே தவம் என்றார்.

விஞ்ஞானம் வேண்டும் என்கிற நண்பர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் என்ற டாக்டர், மந்திர தியானம் செய்கிறவர்களை ஆராய்ந்தார். தியான நேரத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் குறைவதையும், இதயத் துடிப்பு நிதானமாவதையும் கண்டார். 1975-ல் புத்தகமாகவே எழுதினார். அவர் சொன்ன முறை ரொம்ப எளிது. ஒரு சொல்லை மூச்சு வெளியே போகும்போதெல்லாம் மனதுக்குள் சொல்ல வேண்டும். வேறு நினைப்பு வந்தால் சண்டை போடாமல், ‘சரி, போகட்டும்’ என்று விட்டுவிட்டுச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். நன்றாகச் செய்கிறோமா என்ற கவலையும் கூடாது. சொல்? ‘ஒன்று’ என்பதே போதும் என்றார்! இதை அம்மாவிடம் சொன்னேன். “நமசிவாயவும் ஒண்ணும் ஒண்ணாடா?” என்று கோபித்துக்கொண்டார். உடம்புக்கு ஒன்றாக இருக்கலாம், அம்மாவுக்கு ஒன்றில்லை. ஹாஸ்டலில் தஸ்பீஹ் உருட்டுகிற நண்பனுக்கும், ஜெபமாலை சொல்கிற நண்பனுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த வழக்கைத் தீர்க்க எனக்கு வயசு போதாது.

ஆனால் ‘திரும்புவது’ என்கிற விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்பு, கவனம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மனசை அமுக்குவது என்றே நினைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் தலைவலிதான் மிஞ்சும். முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? ஆவேசமாக அரத்தை அழுத்தியவன் ஜாப்பும் வளைந்தது, வாயைப் பார்த்துக்கொண்டு தேய்த்தவன் ஜாப்பும் வளைந்தது. ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு பேர் ஜாப்பிலும் இடுக்கு தெரிந்தது. முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னால் இழுக்கும்போது லேசாக விட்டவனுக்குத்தான் சமமாக வந்தது. மந்திரத்தையும் அப்படித்தான், ஒரு தடவை சொல்லி, அது அடங்குகிற வரை விட்டு, அடுத்ததைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவையாக நான் சொல்கிற மந்திரம் எனக்கே கேட்டது!

மனசு ஓடாது என்று நான் சொல்லவே மாட்டேன். ஓடத்தான் செய்யும். ஹார்வர்டிலேயே 2010-ல் வந்த இன்னொரு ஆய்வில், 2,250 பேரிடம் பகலில் அவ்வப்போது செல்போன் மூலம் விசாரித்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீதத் தடவை, செய்கிற வேலையை விட்டுவிட்டு மனசு வேறெங்கோ இருந்ததாம். நம் ஊர் தியரி வகுப்பில் எடுத்திருந்தால் இன்னும் கூடியிருக்கும்! ஓடிவிட்டது என்று நமக்கே தெரிய வருகிற நொடி இருக்கிறதே, அந்த நொடியில் நாம் விழித்திருக்கிறோம். தோற்றுவிட்டோம் என்று அப்போது மாலையைக் கீழே வைப்பதுதான் நாம் செய்கிற தப்பு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும்போதே ஜபமும் செய்யலாம் என்று யாராவது சொன்னால், லேத் பக்கத்தில் மட்டும் கேட்காதீர்கள். அங்கே சக் கீதான் மந்திரம்.

இப்போது மாலையை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். செல்போனில் பதினைந்து நிமிடம் அலாரம் வைத்து உட்காருகிறேன், அவ்வளவுதான். நேற்று காலையில் மனசு எத்தனை தடவை ஓடுகிறது, எத்தனை தடவை திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பதினேழு வரை வந்த பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, மறுபடியும் எண்ணிக்கொண்டிருக்கிறேனே! சிரித்த சிரிப்பில் ரூம்மேட் எழுந்துவிட்டான்.