ஏறற்கரிய குன்று

கடல் கடந்து கற்கச் செல்லும் மாணவனுக்குக் கல்லூரி மட்டுமன்று, விடுமுறை நாளும் ஓர் ஆசானே. 1888 இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகளின் வாழ்வு இதற்குச் சான்று.

பாரிஸ் மாநகரில் 7 நாள் தங்கிய அவர், 1889 ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுந்த ஈபல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். உயரத்தில் உணவருந்தினேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்காக 7 சிலிங் செலவிட்டார். வென்ற்னர் என்னும் கடற்கரையூரில், தங்கிய விடுதித் தலைவியின் மகளோடு குன்றேறினார். குதியுயர்ந்த காலணியோடு அவள் அம்புபோல் இறங்கிவிட, இவரோ இடையிடையே தவழ்ந்து இறங்கினார்.

பிறைற்றன் நகரில் நிகழ்ந்ததோ வேறு. பிரெஞ்சு மொழியில் அமைந்த உணவுப் பட்டியலைக் கண்டு திகைத்தவருக்கு முதிய கைம்பெண் ஒருவர் உதவினார். அவ்வறிமுகம் இலண்டனில் ஞாயிறுதோறும் விருந்தாக வளர்ந்தது. அம்மூதாட்டி ஓர் இளம்பெண்ணை அறிமுகஞ் செய்து, இருவரையும் தனியே உரையாட விடுவார். அக்காலத்து இந்திய மாணவர் பலரைப் போலவே, தாம் மணமானவர் என்பதைக் காந்தியும் மறைத்திருந்தார். நெஞ்சு உறுத்தியது. பலமுறை எழுதித் திருத்தி, தமக்கு மனைவியும் மகனும் உளர் என்று மூதாட்டிக்குக் கடிதம் விடுத்தார். நட்பு முறியவில்லை, மறு ஞாயிறும் அழைப்பு வந்தது.

அறிமுகமற்ற ஊரில் நம்மை மறைத்துக்கொள்வது எளிது. அங்கே உண்மை உரைப்பதே ஏறற்கரிய குன்று. பிறநாடு செல்லும் பிள்ளைகளும் அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் இதனை நினைவிற் கொள்வாராக.