கோடு போட்டு அடித்த வரிகள்

2013-ல் ‘டிப்ரஷன் குவெஸ்ட்’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. வெறும் எழுத்துதான். மனச்சோர்வில் தவிக்கும் ஒருவராக நீங்கள் ஆட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுச் சில பதில்களைக் காட்டும். நல்ல பதில் கண்ணெதிரே இருக்கும். ஆனால், குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கும். தேர்ந்தெடுக்க முடியாது! நோய் முற்ற முற்ற, அடிபடும் வரிகள் கூடும். சிகிச்சைக்குப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

‘மனசைத் தைரியமா வெச்சுக்கோப்பா’ என்று உபதேசம் செய்கிற அத்தனை பேரையும் ஒருமுறையாவது இதை ஆட வைக்க வேண்டும்.

அதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. ‘டாக்டரே வேண்டாம், போனே போதும்’ என்று கிளம்புகிறார்களே, அங்கேதான் வம்பு. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற ப்ரோகிராம் எழுதினார். நீங்கள் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும். அதனிடம் மனிதர்கள் மனம் திறந்து பேசியதைப் பார்த்து, எழுதியவரே ஆடிப்போனார். 1976-ல் புத்தகமே எழுதி எச்சரித்தார். யார் கேட்டார்கள்? 2017-ல் வந்த ‘வோபாட்’ செயலியிடம் லட்சக்கணக்கானோர் துக்கம் சொன்னார்கள். 2025 ஜூனில் கடையை மூடிவிட்டார்கள். சொன்னவர்கள் இனி யாரிடம் போவது?

கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. சரி. அந்த வீட்டுப் பிள்ளையின் ராத்திரிகளுக்கு என்ன அறிவித்தோம்? அடுத்த மாதமே கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நீதிமன்றம் கேட்டால்தான் மலை நம் கண்ணுக்குத் தெரிகிறது!

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெண்ணை இந்த விளையாட்டில் உட்கார வையுங்கள். ‘டாக்டரைப் பார்’ - மலை இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். கோடு. ‘யாரிடமாவது சொல்’ - பைத்தியம் என்பார்கள். கோடு. ‘போன் செய்’ - எந்த நம்பருக்கு? கோடு. விளையாட்டில் வரிகளை அடித்தது நோய். இங்கே அடித்தது நாம்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய ஆய்வின்படி, நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. அரசுச் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017-ம் வருடச் சட்டம். ஏட்டில் இருக்கிறது.

விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் செய்யுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலிலும் செய்யுங்கள். ஆனால், கடைசிப் பொத்தானை அழுத்தினால் இன்னொரு மனிதக் குரல் கேட்க வேண்டும். 14416 என்ற இலவச ‘டெலி மானஸ்’ எண் 2022 முதல் இருக்கிறது. அதை மலையின் ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதுங்கள். வாரம் ஒருநாள் மனநல டாக்டர் மலையேறட்டும்.

கோட்டை அழிக்காமல் விளையாட்டை மட்டும் கொடுத்தால், அது சிகிச்சை இல்லை சார். வேடிக்கை!