தேர்க்காலும் இருசக்கர வண்டியும்

கடந்த கல்வியாண்டின் இடையில் என் முதலாண்டு வகுப்பில் ஓர் இருக்கை காலியாயிற்று. வேட்டவலம் சாலையில் இரவில் நேர்ந்த விபத்து. வருகைப் பதிவேட்டில் அம்மாணவனின் பெயரைக் கடந்து அடுத்த பெயரை அழைக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தியது. கல்லூரிக்கு வருமுன்னரே இப்பிள்ளைகள் வண்டியோட்டப் பழகிவிடுகிறார்கள். சாலையை நாம் எப்போது கற்பித்தோம்?

சனவரிதோறும் பேரணி, உறுதிமொழி, ஓவியப்போட்டி எல்லாம் நடக்கின்றன. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் உறுதிமொழி பழக்கமாவதில்லை. தனிப்பாடம் ஆக்கினாலும் அது மதிப்பெண் சுமையாகவே முடியும். இருக்கும் பாடங்களுக்குள்ளேயே இதற்கு இடமிருக்கிறது என்பதே என் கருத்து.

அறிவியலில் இயக்க விதிகள் உள்ளன. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவும் ஏறத்தாழ அவ்வாறே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் இரண்டு விநாடி கைப்பேசியைப் பார்த்தால் 33 மீட்டர் தூரம் சாலையைக் காணாமலே கடக்கிறான். இதைக் கணக்கு வகுப்பில் மாணவரே கண்டறியட்டும்.

சமூக அறிவியலுக்கு நம்மூரே பாடம். கிரிவலத்தில் இடப்புறமாக நடப்பது மரபு. வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடும் பௌர்ணமி இரவுகளில் அதனால் இடர் குறைவு. அதே பழக்கத்தில் நடைமேடையற்ற பிற சாலைகளில் நடந்தால் வண்டி நம் முதுகுக்குப் பின்னால் வரும். அங்கே, எதிர்வரும் வண்டியைக் காணும்படி வலப்புறம் நடப்பதே காப்பு.

நிற்க. தமிழாசிரியர்க்கு இதில் வேலையில்லையா? பெரியபுராணத்தில் வரும் மனுநீதிச் சோழன் வரலாறு ஒரு தெருவிபத்தில்தான் தொடங்குகிறது. திருவாரூர் வீதியில் கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. தேரில் சென்றவன் இளைஞன். பொறுப்பை ஏற்பவன் தந்தை. நாமோ 'நீதி' என்ற ஒரு சொல்லோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், சிறார் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, 'வண்டிச் சாவியைக் கொடுத்தவர் யார்?' என்று வகுப்பில் கேட்டால் போதும். அக்கேள்வி மாணவரோடு வீடுவரை செல்லும்.

புராணத்தில் இறைவன் எழுந்தருள, கன்றும் அமைச்சனும் இளவரசனும் உயிர்பெற்று எழுகின்றனர். வேட்டவலம் சாலையில் எவரும் அப்படி எழுவதில்லை.