டப்பாவின் மேல் ஒரு சொல்

அமெரிக்காவில் நாய் உணவு டப்பாவின் முகப்பில் ‘பீஃப்’ என்று இருந்தால், சேர்த்த நீர் போக 95 சதவீதம் மாட்டிறைச்சி இருக்க வேண்டும் என்கின்றன தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் ‘ஆஃப்கோ’ அமைப்பு வகுத்த மாதிரி விதிகள். ‘பீஃப் டின்னர்’ என்றால் 25 சதவீதம் போதும். ‘வித் பீஃப்’ என்றால் வெறும் 3. ஒரு சொல் கூடினால் இறைச்சி இத்தனை குறையும் என்பது வாங்குவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? புரதக் கணக்கும் அப்படித்தான். டப்பா உணவில் 8 சதவீதம், உலர் உணவில் 26 சதவீதம் என்றால் பின்னதே சத்தானது என்று தோன்றும். முன்னதில் 78, பின்னதில் 10 சதவீதம் ஈரம் இருந்தால், அதைக் கழித்த பிறகு டப்பா உணவில் புரதம் 36 சதவீதம். உலர் உணவில் 29 தான்.

எல்லாம்தான் அச்சிடப்பட்டிருக்கிறதே என்பார்கள். ஆனால் செல்லப்பிராணி உணவில் சேர்க்கும் கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது 2007-இல் தெரியவந்தது. நைட்ரஜனை அளக்கும் சோதனை அதைப் புரதமாகவே காட்டியது. அந்த உணவை உண்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. எண் மட்டுமே தரம் ஆகாது. அதற்காக, டப்பாவில் ஈரல் முதலான உள்ளுறுப்புகளின் பெயரைக் கண்டதும் கழிவு என ஒதுக்குவதும் தவறு. ஈரலில் வைட்டமின் ஏ-யும் இரும்பும் மிகுதி. எனவே ஈரம் கழித்த புரத அளவையும் செரிமானத் திறனையும் முகப்பிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். வாயில்லா ஜீவனுக்காக நாம்தான் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.